மறந்ததா, மண்டையில் ஏறவே இல்லையா?

இந்தியாவில் இப்போது புழங்கும் ஊதா நிற நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் என்ன படம் இருக்கிறது? பர்ஸைத் திறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வராது. குஜராத்தில் பாட்டன் என்ற ஊரில் இருக்கும் ராணி கி வாவ் என்ற படிக்கிணறு அது. 2018-லிருந்து அந்த நோட்டு நம் கையில் வந்து போய்க்கொண்டிருக்கிறது.

சரி, இதை மறதி என்று சொல்லலாமா? மறக்க வேண்டும் என்றால் முதலில் அது உள்ளே போயிருக்க வேண்டும். நோட்டை நாம் நிறத்தையும் எண்ணையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். படத்தைக் கவனிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. 1979-ல் ரேமண்ட் நிக்கர்சன், மேரிலின் ஆடம்ஸ் என்ற இருவர் அமெரிக்கர்களிடம் அவர்கள் ஊர் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் காசு. லிங்கனின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதிலேயே பலர் தடுமாறினார்கள்.

ஞாபக மறதி என்று ஒரே பெயர் வைத்து நாம் நொந்துகொள்வது உண்மையில் பல வேறு விஷயங்கள். ஒரு செய்தி உள்ளே போகாமலே இருந்திருக்கலாம். போயும் தங்காமல் போயிருக்கலாம். தங்கியிருந்தும் தேடும்போது சிக்காமல் இருக்கலாம். சிக்கினாலும் மாறிப்போய்ச் சிக்கலாம். எந்த இடத்தில் தவறியது என்று பார்க்காமல் "எனக்கு ஞாபக சக்தியே இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கதவைப் பூட்டினோமா, கேஸை அணைத்தோமா என்று பஸ் ஏறிய பிறகு வரும் சந்தேகம் முதல் வகை. கை பூட்டியது, மனம் வேறெங்கோ இருந்தது. போதாததற்கு, நேற்று பூட்டியதும் முந்தாநாள் பூட்டியதும் இன்று பூட்டியதும் ஒரே மாதிரி இருக்கின்றன. பூட்டிய காட்சி ஞாபகத்தில் வந்தாலும், அது இன்றையதுதானா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பூட்டும்போது "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் சிலருக்கு உண்டு. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அது வேலை செய்யும். அந்த ஒரு நொடி கவனம் அங்கே இருக்கிறதே, அதுதான் வேண்டும்.

அரை நிமிட ஞாபகம்

கவனித்ததெல்லாம் தங்கிவிடுமா என்றால் அதுவும் இல்லை. வங்கியிலிருந்து ஆறு இலக்க ஓடிபி வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, திரையை மாற்றி, டைப் செய்யும் வரைக்கும் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறோம். நடுவில் யாராவது "காபி வேணுமா?" என்று கேட்டால் போச்சு.

இதைக் குறுகிய கால நினைவு என்பார்கள். மிகச் சின்ன இடம். அதில் ஏழு விஷயம் நிற்கும், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். மனதுக்குள் முணுமுணுக்க வழியில்லாதபடி செய்து அளந்தால் நான்குதான் தேறும் என்று 2001-ல் நெல்சன் கோவன் வாதிட்டார். எண்ணிக்கை எதுவானாலும், ஒரு விஷயம் என்பது எவ்வளவு பெரியது என்பதை நம் பழைய அறிவுதான் முடிவு செய்கிறது. 1, 9, 4, 7 என்றால் நான்கு இலக்கங்கள். இந்திய விடுதலை ஆண்டு என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. மொபைல் எண்ணை நாம் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்வதும் இதனால்தான்.

முணுமுணுப்பதை நிறுத்தினால் எவ்வளவு சீக்கிரம் போகும்? 1959-ல் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் தம்பதி மூன்றே மூன்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஒரு எண்ணிலிருந்து மும்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். பதினெட்டு நொடி கழித்துக் கேட்டபோது, பத்து முறையில் ஒரு முறை அளவுக்குத்தான் அந்த மூன்று எழுத்துகள் சரியாக வந்தன. வெறும் மூன்று எழுத்து!

ஹென்றி மொலெய்சன்

இந்த அரை நிமிடத்திலிருந்து ஆயுள் முழுக்க நிற்கும் நினைவுக்கு ஒரு செய்தி எப்படிப் போகிறது? இதற்கான முதல் தெளிவான விடை ஒரு துயரத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1926-ல் பிறந்தவர் ஹென்றி மொலெய்சன். சிறுவயதிலிருந்தே வலிப்பு. வளர வளர அது மோசமாகி, வேலைக்குப் போக முடியாத நிலை. மருந்துகள் கேட்கவில்லை. 1953-ல், அவருக்கு 27 வயது இருக்கும்போது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கத்திலும், காதுகளுக்கு நேர் உள்ளே இருக்கும் பகுதியில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டார். ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதோடு போனது. அது எதற்காக இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது.

வலிப்பு குறைந்தது. அதோடு புது நினைவுகள் சேர்வதும் நின்றுபோனது.

1955-ல் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து போய் அவரைச் சோதித்தார். இன்று என்ன தேதி என்று கேட்டால் 1953 மார்ச் என்றார் ஹென்றி. வயது 27 என்றார். பேச்சு நன்றாக இருந்தது, அறிவுத் திறனுக்கும் குறைவில்லை, பெற்றோரையும் பள்ளி நாட்களையும் நினைவிருந்தது. ஆனால் அறையை விட்டு வெளியே போய்ச் சிறிது நேரத்தில் திரும்பி வருபவர் அவருக்குப் புது ஆள்.

ஒரு சோதனையில் 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டால், எட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும் என்றார். ஐந்தும் எட்டும் நான்கும் கூட்டினால் 17; அதில் எட்டைக் கழித்தால் 9; அதைப் பாதியாகப் பிரித்தால் ஐந்தும் நான்கும்; ஆக 584. அந்தக் கால் மணி நேரமும் இதையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பிய ஒரு நிமிடத்தில் எண்ணும் போனது, எண் ஒன்று இருந்தது என்பதும் போனது. ஓடிபி வைத்துக்கொள்ளும் அந்தச் சின்ன இடம் அவரிடம் பழுதில்லாமல் இருந்தது. அங்கிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் வழிதான் இல்லை.

இன்னொரு சோதனை இன்னும் விசித்திரமானது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரப் படத்தின் இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். இடது வலது எல்லாம் குழம்பும். முதலில் யாருக்கும் கோணல்மாணலாகத்தான் வரும். ஹென்றி மூன்று நாட்கள் செய்தார். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நன்றாகச் செய்தார். ஆனால் அந்தப் படத்தை முன்பு பார்த்ததாகவே அவருக்கு நினைவில்லை. கை கற்றுக்கொண்டது, அவருக்குத் தெரியாது. சைக்கிள் ஓட்டுவது, நீச்சல், கோலம் போடுவது போன்ற கைப்பழக்கங்கள் மூளையில் வேறு பகுதிகளைச் சார்ந்தவை என்பது இதிலிருந்து தெரியவந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகச் சோதனைகளுக்கு உட்பட்டு, 2008-ல் தன் 82-ஆம் வயதில் ஹென்றி இறந்தார். அதுவரை ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் இரண்டு எழுத்துகளாகத்தான் இருந்தது. நினைவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு இந்த ஒரு மனிதர் இழந்ததிலிருந்து தெரிந்துகொண்டது. இதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும்.

ஆக, புதிய செய்திகளைச் சேர்த்துக் கட்டும் வேலையை ஹிப்போகாம்பஸ் செய்கிறது. பிறகு நாட்கணக்கில், மாதக்கணக்கில், மூளையின் மேற்பரப்புப் பகுதிகளில் அவை நிலைபெறுகின்றன. நரம்பு அணுக்கள் அளவில் இதைக் காட்டியவர் எரிக் காண்டெல். ஏப்ளிசியா என்ற கடல்நத்தைக்கு நரம்பு அணுக்கள் குறைவு, அளவில் பெரியவை, ஆய்வுக்கு வசதி. சில நிமிடங்களே நிற்கும் நினைவு என்றால், ஏற்கெனவே இருக்கும் நரம்பு இணைப்புகள் தற்காலிகமாக வலுப்பெறுகின்றன. நாட்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் அணுக்கள் புதிய புரதங்களைத் தயாரித்து, புதிய இணைப்புகளையே வளர்க்க வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்காக 2000-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் நினைவும் அடிப்படையில் இப்படித்தான். அதாவது நேற்று நீங்கள் படித்தது தங்கியிருந்தால், உங்கள் மூளை உடலளவிலேயே கொஞ்சம் மாறியிருக்கிறது.

இந்தக் கட்டுமானத்துக்கு நேரம் வேண்டும், தூக்கமும் வேண்டும். 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். பொருளற்ற அசைகளைக் கற்றுக்கொண்டு தூங்கப் போனால் எட்டு மணி நேரம் கழித்தும் பாதி அளவுக்கு நினைவிருந்தது. அதே நேரம் விழித்திருந்தால் பத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. 1994-ல் வில்சன், மெக்நாட்டன் இருவரும் எலிகளின் ஹிப்போகாம்பஸில் மின்முனைகளை வைத்துப் பார்த்தபோது, எலி நடமாடியபோது சேர்ந்து இயங்கிய அணுக்கள், அது தூங்கும்போது மறுபடி சேர்ந்து இயங்குவது தெரிந்தது. தேர்வுக்கு முந்தின இரவு முழுக்க விழித்துப் படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கேட்பார்களா தெரியவில்லை.

எபிங்ஹாஸின் கோடு

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். சோதனைக்கு ஆள் கிடையாது, தன்னையே வைத்துக்கொண்டார். தெரிந்த சொற்களை வைத்தால் பழைய நினைவுகள் உதவிக்கு வந்துவிடும் என்பதால், பொருளில்லாத அசைகளாக ஏறத்தாழ 2,300 தயாரித்து, அவற்றைப் பட்டியல் பட்டியலாக உருப்போட்டார். பிறகு இடைவெளி விட்டு அதே பட்டியலை மறுபடி உருப்போட்டு, இந்த முறை எவ்வளவு நேரம் மிச்சமானது என்று கணக்கெடுத்தார். 1885-ல் வெளியான முடிவு இது: இருபது நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. முதலில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு கிட்டத்தட்டப் படுத்துவிடும் கோடு.

இந்தக் கோட்டைக் காட்டி, "படித்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நாளில் மறந்துவிடுவீர்கள்" என்று பயமுறுத்தும் பயிற்சி வகுப்பு விளம்பரங்கள் நிறைய வருகின்றன. நம்ப வேண்டாம். அவர் அளந்தது பொருளற்ற அசைகளை. பொருளுள்ள, ஏற்கெனவே தெரிந்ததோடு ஒட்டிக்கொள்ளும் விஷயம் இப்படிச் சரியாது. அதோடு, 21 சதவீதம் மிச்சம் என்பதன் மறுபக்கத்தையும் பாருங்கள். சுத்தமாக மறந்துவிட்டது என்று நாம் நினைக்கும் ஒன்றும் மறுபடி படிக்கும்போது சீக்கிரம் ஏறுகிறது. அப்படியென்றால் உள்ளே ஏதோ இருந்திருக்கிறது.

இங்கிருந்துதான் மறதியின் இன்னொரு முகம் தொடங்குகிறது: இருக்கிறது, வர மாட்டேன் என்கிறது. ஏடிஎம் பின் நம்பரை மாற்றிய பிறகு விரல் பழைய எண்ணையே அழுத்துவது, வீடு மாறிய பிறகு சுவிட்ச் இல்லாத சுவரைத் தடவுவது, இதெல்லாம் பழையது புதியதை மறிப்பது. புதியது பழையதை மறிப்பதும் உண்டு. இரண்டு வருடம் கழித்து அந்தப் பழைய பின் நம்பரைக் கேட்டால் வராது. ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு இடிக்கும்.

ஆட்களின் பெயர் இதில் தனி ரகம். முகம் தெரிகிறது, எந்தக் கல்யாணத்தில் பார்த்தோம் என்று தெரிகிறது, பெயர் மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறது. 1987-ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பெயராகவும் தொழிலாகவும் இருக்கக்கூடிய பேக்கர் போன்ற சொற்களை எடுத்துக்கொண்டார்கள். இவர் பெயர் பேக்கர் என்று சொன்னபோது நினைவில் நிற்காத அதே சொல், இவர் ரொட்டி சுடுபவர் என்று சொன்னபோது நின்றது. தொழிலென்றால் மாவு, அடுப்பு, வாசனை என்று பிடித்துக்கொள்ளப் பத்து கொக்கிகள். பெயருக்கு எதுவும் இல்லை.

கொக்கி இருந்தால் வரும் என்பது நம் பழைய புலவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓலையைத் திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருக்க முடியாத காலத்தில் எதுகையும் மோனையும் அழகுக்காக மட்டும் வைத்ததாக இருக்காது என்பது என் எண்ணம். அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். நூறு பாட்டுக்கு நடுவே எங்கே விட்டாலும் அடுத்ததன் நுனி கையில் இருக்கும்.

சமையலறைக்குள் போய் "எதற்கு வந்தேன்?" என்று நின்றுவிட்டு, கூடத்துக்குத் திரும்பியதும் சட்டென்று ஞாபகம் வருவதும் கொக்கி விவகாரம்தான். அந்த எண்ணம் பிறந்த இடமே அதற்குக் கொக்கி.

நினைக்க நினைக்க மாறும்

நினைவுகூர்வது என்பது ஃப்ரிட்ஜில் வைத்த குழம்பை எடுத்துச் சூடாக்குவது அல்ல. ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் சாமான்களை வைத்துப் புதிதாகக் குழம்பு வைப்பது. சாமான் ஏதாவது குறைந்தால், வழக்கமாக என்ன இருக்குமோ அதைப் போட்டு மனம் ஒப்பேற்றிவிடும். நமக்கே தெரியாது.

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் மோதியபோது என்ன வேகம் என்று சிலரிடம் கேட்டார்கள். நொறுங்க மோதியபோது என்ன வேகம் என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்டவர்களுக்கு வேகம் அதிகமாகத் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, நொறுங்கிய என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். மற்ற சொல்லைக் கேட்டவர்களில் 7 பேர். காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

யாரும் பொய் சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் சிறுவயதுச் சம்பவம் ஒன்றை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சண்டை போடும்போதும் இருவரும் உண்மையாகவே தாங்கள் கண்டதைத்தான் சொல்வதாக நினைக்கிறார்கள். எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை வைத்து எவ்வளவு சரி என்று முடிவுகட்ட முடியாது. இது வீட்டில் போகட்டும். நேரில் பார்த்தவர் சாட்சியை மட்டும் நம்பித் தண்டிக்கும் நீதிமன்றத்தில் ஒருவருடைய வாழ்க்கை போய்விடும்.

மறக்கவே முடியாவிட்டால்? மாஸ்கோவில் சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி என்று ஒரு செய்தியாளர் இருந்தார். குறிப்பே எடுக்காமல் எல்லாவற்றையும் ஒப்பிப்பவர். அலெக்சாண்டர் லூரியா என்ற உளவியலாளர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எத்தனையோ வருடம் முன்பு கேட்ட பட்டியலும் அவருக்கு அப்படியே வரும். ஆனால் மனித முகங்கள் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருக்கின்றன என்று அடையாளம் காணத் திணறினார். படிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் ஒரு படமாக எழுந்து கதையைப் பின்தொடர விடாது. தேவையில்லாததை மறப்பதற்காகத் தாளில் எழுதி எரித்துப் பார்த்தார். கரிந்த தாளிலும் எழுத்து தெரிந்ததாம்.

நம் ஊர் சதாவதானிகள் வேறு ரகம். இடலாக்குடி செய்குத்தம்பி பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்துகாட்டியவர். முதுகில் விழும் கல்லை எண்ணுவது, மணியோசையை எண்ணுவது, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா கட்டுவது என்று ஒரே நேரத்தில் பல. பயிற்சியால் கவனத்தைப் பகிர்ந்து வைக்கும் கலை அது. மேடையை விட்டு இறங்கியதும் எத்தனை கல் என்பதை மறந்துவிடலாம், மறக்கத்தான் வேண்டும்.

படிப்பவர்களுக்கு

திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் இருவரும் மாணவர்களை ஒரு பகுதியைப் படிக்கவைத்து, சிலரை மறுபடி படிக்கச் சொன்னார்கள், சிலரை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. மறுபடி படித்தவர்களுக்கு 42. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அது ஏமாற்று. புத்தகத்தை மூடிவிட்டு ஒப்பித்துப் பாருங்கள். தடுக்கும் இடம்தான் படிக்க வேண்டிய இடம். அப்புறம், ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட அதையே நாலு நாளாகப் பிரிப்பது நல்லது. கொஞ்சம் மறக்கத் தொடங்கும்போது திரும்ப எடுப்பதில்தான் பலம். வல்லாரை சாப்பிடுவதென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், துவையல் நன்றாக இருக்கும்.

வயது ஏறும்போது

ஐம்பதைத் தாண்டியதும் பெயர்கள் தாமதமாக வருவது எல்லோருக்கும் நடக்கிறது. அரை மணி நேரம் கழித்துக் குளிக்கும்போது அந்தப் பெயர் தானாக வந்துவிட்டதென்றால், அது உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் பெரும்பாலும் கவனத்தின் கோளாறு. சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் இன்னும் சாப்பாடு போடவில்லையே என்று கேட்பது, ஒரே கேள்வியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கேட்பது, நாற்பது வருடம் நடந்த தெருவில் வழி தவறுவது, இவை வேறு. அல்சைமர் நோய் வழக்கமாக ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் முதலில் தாக்குகிறது. அதனால்தான் பாட்டி தன் கல்யாணக் கதையை விவரமாகச் சொல்வார், காலையில் யார் வந்து போனார்கள் என்று தெரியாது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மன அழுத்த நோய், தூக்கக் குறைவு, சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு.

மருத்துவர் சில சொற்களைச் சொல்லி, பேச்சை வேறு பக்கம் திருப்பி, சில நிமிடம் கழித்து அந்தச் சொற்களைக் கேட்பார். வரவில்லை என்றால், "அதில் ஒன்று பூவின் பெயர்" என்பது போல ஒரு குறிப்புக் கொடுப்பார். குறிப்புக் கொடுத்ததும் வந்துவிட்டால் தேடி எடுப்பதில் சிக்கல். கொடுத்தும் வராவிட்டால் அது தங்கவே இல்லையோ என்ற கோணத்தில் மேற்கொண்டு பார்ப்பார். கூட்டிக்கொண்டு போகும்போது, தினமும் கூடவே இருக்கும் ஒருவர் உடன் போவது நல்லது. மறந்ததை மறந்தவரே சொல்ல முடியாது. சாப்பிட்டுவரும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.